குறி பார்க்கும் கலையும் துப்பாக்கித் தேர்வும்: குவீன்ஸ்டவுன் சொல்லும் வரலாறு



தோட்டத்துக் கோயில் திருவிழாவிலே பலூன் சுடும் கடையைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இருக்க மாட்டார். பலகையிலே வரிசை வரிசையாகப் பலூன்கள். முன்னாலே ஒரு மேசை. அதன்மேல் இரண்டு காற்றுத் துப்பாக்கிகள். காசு கொடுத்தால் ஐந்து குண்டு. பொங்கல் பானை பொங்குவதைப் பார்க்க வந்த பெரியவர்கூட அங்கே ஒரு நிமிடம் நின்று, ஒரு கண்ணை மூடி, ஒரு பலூனையாவது உடைத்துவிட்டுத்தான் நகர்வார். அந்தத் துப்பாக்கிகளின் குறிமுனை சற்றுக் கோணலாகவே இருக்கும் என்பது வேறு விஷயம். கடைக்காரரும் பிழைக்க வேண்டுமல்லவா?

பலூன் சுட்டுப் பழகிய இளைஞனுக்கு அடுத்து ஓர் ஆசை வருவது இயல்பு. உண்மையான துப்பாக்கியால் ஓர் இலக்கைச் சுட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு எந்தத் துப்பாக்கி நல்லது? தானே தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியா, ஒவ்வொரு முறையும் கையால் நிரப்புவதா? அமெரிக்காவிலே இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்கிறார்கள். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் கேட்டால் விடை கடையிலே இல்லை, வரலாற்றிலே இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் தோட்டத்து மக்களின் பங்கு சிறியதன்று. ஆகவேதான் இன்றைய உரைக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். பழைய இராணுவத் துப்பாக்கியில் ஒரு கைப்பிடித் தாழ் உண்டு. சுட்டதும் அந்தத் தாழை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளி, கீழே அழுத்தினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கதவுத் தாழ்ப்பாளைப் போடுவது போன்ற வேலைதான். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த வேலையை மனிதன் செய்வதில்லை. வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி, அல்லது அந்த வெடிப்பின் எதிருதைப்பு, உள்ளே இருக்கும் தாழைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கூடு தெறிக்கிறது. ஒரு சுருள்வில் தாழை மீண்டும் முன்னுக்குத் தள்ள, அடுத்த தோட்டா தானே ஏறிவிடுகிறது. ஆனால் விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான் போகும். விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்தால் பொழிந்துகொண்டே இருப்பது முழுத் தானியங்கி. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் ஏராளம். செய்தித்தாள்களும் சில நேரம் குழப்பும்.

தானே நிரப்பும் துப்பாக்கியைச் செய்துபார்க்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. ஒரு பெரிய நாட்டின் படை அதைத் தன் வீரர் கையில் பொதுத் துப்பாக்கியாகக் கொடுத்தது 1936 ஆம் ஆண்டில். அமெரிக்கப் படை ஏற்ற காரண்ட் துப்பாக்கிதான் அது. எட்டுத் தோட்டா கொள்ளும். பிரிட்டிஷ் படையோ இரண்டாம் உலகப் போர் முடியும்வரை தாழ் இழுக்கும் லீ என்ஃபீல்டு துப்பாக்கியையே தோளில் வைத்திருந்தது. பத்துத் தோட்டா; எடை ஏறக்குறைய 4 கிலோ.

இனிக் குவீன்ஸ்டவுனுக்கு வருவோம். இன்று அடுக்குமாடிகளும் அங்காடிகளும் நிறைந்த அந்த வட்டாரம் ஒரு காலத்தில் குன்றும் சதுப்பும் தோட்டமுமாக இருந்த இடம். எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953 இல் அதற்கு இந்தப் பெயர் வந்தது. அதன் ஓரமாக ஓடிய இரயில் பாதையில் வேலை பார்த்த நம்மவர்கள் 1932 இல் முனீஸ்வரருக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுவே. அந்தப் பாதையில் 2011 ஆம் ஆண்டுவரை இரயில் ஓடியது.

அந்த வட்டாரத்தின் தென்பக்கம்தான் அலெக்சாந்திரா. அங்கே ஒரு படைமுகாம் இருந்தது. 1915 பிப்ரவரி 15 ஆம் நாள், சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் நடுவே, அந்த முகாமிலிருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தங்கள் அதிகாரிகள் பக்கம் திருப்பினார்கள். ஹாங்காங்குக்கு அனுப்பவிருந்த தங்களைத் துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு முகாமில் பரவியிருந்தது. வெள்ளைக்கார அரசிடம் அப்போது ஊரில் போதிய படை இல்லை. 1854 முதலே சிங்கப்பூரில் தொண்டர் துப்பாக்கிப் படை ஒன்று உண்டு. கடைக்காரர்களும் அலுவலகத்துத் துரைமார்களும் வார இறுதியிலே இலக்குச் சுடுவதை ஒரு பொழுதுபோக்காகவே நடத்தி வந்தார்கள். அந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் திடீரென்று உண்மையான தோட்டாக்களோடு தெருவுக்கு வர நேர்ந்தது. நகரத்திலிருந்த ஜப்பானியக் குடிமக்கள் கையிலும் துப்பாக்கி கொடுத்தார்கள். கலகம் அடங்கிய பின் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விளையாட்டாகச் சுடப் பழகியவன் என்றேனும் ஒருநாள் மனிதனைச் சுடச் சொல்லப்படுவான் என்பதை அந்த ஊர் அன்றே பார்த்துவிட்டது. அதே அலெக்சாந்திராவின் இராணுவ மருத்துவமனையில் 1942 பிப்ரவரியில் நடந்த படுகொலையை நேயர்கள் அறிவீர்கள். அதை இங்கே விரிக்கவில்லை.

துப்பாக்கி அதுவரை துரையின் கையிலோ சிப்பாயின் கையிலோதான் இருந்தது. தோட்டத்துத் தொழிலாளி அதன் முனையை மட்டுமே பார்த்தவன். 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது படை வந்து சுட்டது. ஐந்து தொழிலாளர் மாண்டனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. இதைக் கேட்கும் இளையவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைத் திரட்டி, ஜூலை 12 ஆம் நாள் அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்வித்தார். அந்தப் பெண்கள் தூக்கி நின்றவை பிரிட்டிஷார் விட்டுச்சென்ற லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளே. சேலை கட்டிய பெண்ணின் தோளில் நான்கு கிலோத் துப்பாக்கி! அதே ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டிய கை. வாளி சுமந்த தோள்.

இங்கே நான் சற்று நின்று சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பால்மரம் வெட்டுபவருக்குக் குறி பார்ப்பது புதிய கலை அன்று. பட்டையை ஒரே சீராக, ஒரே சாய்வில் வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரம் புண்படும், கிராணி திட்டுவார். மூச்சை அடக்கி, கையை அசைக்காமல், அளவோடு அழுத்துவதை அன்றாடம் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவர்கள் அவர்கள். விசையை அழுத்துவதற்கும் அதே மூச்சு, அதே அளவு, அதே பொறுமைதான் வேண்டும். ஆனால் துப்பாக்கியோ அவர்கள் உடம்புக்கு ஏற்றதன்று. நீண்ட, கனத்த, வலுவாக உதைக்கும் கருவி. ஆறடி உயர ஆங்கிலேயனுக்காகச் செய்ததை ஐந்தடிக்கும் குறைந்த பெண் தோளில் வைத்தால் எப்படி இருக்கும்? கருவி ஆளுக்கேற்றதாக இருக்க வேண்டும் என்ற பாடம் இங்கேயே நமக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பாடத்தை ஓர் அரசாங்கம் ஏற்று நடந்தது இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

அதற்கிடையில் ஒரு கசப்பான காலம் வந்தது. 1948 ஜூனில் மலேயாவில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வாசலில் துப்பாக்கியோடு காவலர். துரையின் இடுப்பிலே கைத்துப்பாக்கி. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்பது சட்டமாயிற்று. அந்தச் சட்டத்துக்குப் பலியானவர்தான் தஞ்சை மண்ணிலிருந்து வந்த எஸ். ஏ. கணபதி. அகில மலேயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. இந்தியாவிலிருந்து நேரு அரசாங்கம் எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை. 1949 மே 4 ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதே சட்டத்தின்கீழ் ஜோகூரில் மரண தண்டனை பெற்ற இன்னொருவர் சாம்பசிவம். அவர் வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. 1948 செப்டம்பரில் பிடிபட்ட அவர்மீது இரண்டு குற்றங்கள்: துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. தோட்டாக் குற்றத்திலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிறகு துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை நடந்தது. தூக்கு என்று தீர்ப்பாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் ஒரு வாக்குமூலத்தை நம்பித் தண்டித்திருக்கிறீர்கள்; ஆனால் அதில் ஒரு பாதியிலிருந்து அவரை ஏற்கெனவே விடுவித்தாயிற்றே; விடுதலை என்றால் விடுதலைதான், அதை மதிக்காமல் அடுத்த விசாரணையை நடத்த முடியாது என்ற கருத்தில் 1950 இல் தண்டனையை நீக்கினார்கள். கணபதி மாண்டார், சாம்பசிவம் பிழைத்தார். இருவருக்கும் நடுவே நின்றது சட்டத்தின் ஒரு நுண்ணிய நூலிழை. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோட்டத்துத் தாய்மார் இன்னும் பதறுவதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

காலம் உருண்டது. குவீன்ஸ்டவுனில் வீடுகள் எழுந்தன. 1956 இல் பதினான்கு மாடி ஃபோர்ஃபார் ஹவுஸ் எழுந்தபோது அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 1960 இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் முதல் அடுக்குமாடிகளை அங்கே ஸ்டெர்லிங் சாலையில்தான் கட்டியது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானது. கையில் இருந்ததோ இரண்டு பட்டாளம். 1967 மார்ச்சில் கட்டாயத் தேசிய சேவைக்குச் சட்டம் வந்தது. முதல் ஆண்டில் பெயர் பதிந்த இளைஞர் சுமார் 9,000 பேர். முழுநேரப் படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சுமார் 900 பேர். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

இப்போது அந்தக் கேள்வி ஓர் அரசாங்கத்தின் முன்னே நின்றது: இந்தப் பிள்ளைகள் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது?

அன்று பிரிட்டிஷ் வழிவந்த படைகளில் புழங்கியது எஸ்.எல்.ஆர். என்னும் துப்பாக்கி. அதன் பெயருக்கே தானே நிரப்பும் துப்பாக்கி என்றுதான் பொருள். நாம் பேசும் அரைத் தானியங்கி வகை. உறுதியானது, தொலைவுக்குச் சுடுவது. ஆனால் தோட்டா இல்லாமலே 4 கிலோவுக்கு மேல்; நீளம் ஒரு மீட்டரையும் தாண்டும்; 7.62 மில்லிமீட்டர் தோட்டாவின் உதைப்பும் பலமானது. மறுபக்கம் அமெரிக்கர் வியட்நாமில் கொண்டுவந்த எம் 16. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்த அதன் எடை ஏறக்குறைய 3 கிலோதான். தோட்டாவோ 5.56 மில்லிமீட்டர், சிறியது. உதைப்புக் குறைவு, அதே சுமையில் கூடுதல் தோட்டா தூக்கலாம். விசைக்கு மேலுள்ள ஒரு திருகை மாற்றினால் ஒவ்வொன்றாகவும் சுடும், தொடர்ந்தும் சுடும்.

சிங்கப்பூர் சிறியதையே தேர்ந்தது. பிளாஸ்டிக் துப்பாக்கியா என்று பல நாடுகளில் அன்று கேலி செய்தவர் உண்டு. ஆனால் ஆசியப் பையனின் தோளுக்கும் கைநீளத்துக்கும், காட்டுக்கும், ஈர வெப்பத்துக்கும் எது பொருந்தும் என்று பார்த்தார்களே தவிர, பழைய எசமானர் எதை வைத்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. என் கருத்தில் அதுதான் சரியான தேர்வு. அதற்கான தோட்டாவைச் செய்யவே 1967 இல் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் அதே ஆலை அமெரிக்க உரிமம் பெற்று எம் 16 துப்பாக்கியையும் செய்தது. ஆனால் அந்த உரிமத்தில் ஒரு முடிச்சு: வெளிநாட்டுக்கு விற்க அமெரிக்கரின் அனுமதி வேண்டும். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1980 வாக்கில் எஸ்.ஏ.ஆர். 80 என்ற சொந்தத் துப்பாக்கி பிறந்தது. 1999 இல் வெளிவந்த எஸ்.ஏ.ஆர். 21 இல் தோட்டாக் கூண்டு விசைக்குப் பின்னால் போய்விட்டது. ஆகவே குழல் நீளம் குறையாமலே துப்பாக்கி குட்டையாயிற்று. குறி பார்க்க ஒரு கண்ணாடியும் சேர்த்தே பொருத்தினார்கள்.

சுடுதளத்தில் அந்தப் பிள்ளைகள் பழகியது எப்படி? தொடர்ந்து பொழிந்து அன்று. ஒவ்வொன்றாக, விசைக்கு ஒரு குண்டாக. குண்டுகள் இலக்கின் நடுவில் விழுந்தனவா என்பதற்கு முன்னே, ஒன்றுக்கொன்று அருகில் விழுந்தனவா என்றுதான் பயிற்சியாளர் பார்ப்பார். கூட்டமாக விழுந்தால் கை சரி, குறிமுனையைத் திருத்தினால் போதும். சிதறி விழுந்தால் கையே சரியில்லை. துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சேவை முடிந்ததும் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் 1973 ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்தாண்டுச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கில் சுட்டால் மரண தண்டனை. மலேசியாவிலும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது. விளையாட்டாகச் சுட விரும்புவோர் சங்கத்தில் சேர்ந்து, அனுமதி பெற்ற சுடுதளத்திலேயே சுட வேண்டும். துப்பாக்கி பொதுவாக அங்குள்ள ஆயுத அறையில்தான் பூட்டி வைக்கப்படும். காற்றுத் துப்பாக்கியைக்கூட உரிமமின்றி வீட்டில் வைத்திருக்க முடியாது. திருவிழாவுக்குத் தோட்டத்தில் வாங்கி வந்தேன் என்று சொல்லிச் சிங்கப்பூர் எல்லையைக் கடக்க எண்ணும் பிள்ளை இருந்தால், இப்போதே தடுத்துவிடுங்கள்.

சரி, சட்டப்படி சுடுதளத்துக்குப் போகிறவர் எதில் தொடங்குவது? அமெரிக்காவில் பொழுதுபோக்காக இலக்குச் சுடுவோர் பலர் .22 அங்குலத் தோட்டாவுக்கான அரைத் தானியங்கியைத் தேர்கிறார்கள். 1964 இல் வந்த ரூகர் 10/22 அவற்றில் பேர்பெற்றது. பத்துத் தோட்டா, சிறிய உதைப்பு, தோட்டா விலையும் மலிவு. தேர்வுக்கு அவை நல்ல காரணங்களே. ஆனால் அந்தச் சிறு குண்டும் ஒரு மைலுக்கு மேல் பறக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. இலக்குக்குப் பின்னே மண்மேடு இல்லாத இடத்தில் அதை எடுக்கவே கூடாது.

கற்றுக்கொள்பவருக்கு அரைத் தானியங்கி ஒரு கெட்ட பழக்கத்தையும் தரும். அடுத்த தோட்டா தயாராகவே இருப்பதால் விரல் அவசரப்படும். உலகப் போட்டிகளில் 10 மீட்டர், 50 மீட்டர்த் துப்பாக்கிப் பிரிவுகளில் ஒவ்வொரு முறையும் கையால் நிரப்பும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்குத்தான் இடம் உண்டு. காற்றுத் துப்பாக்கியின் 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் எவ்வளவு பெரிது தெரியுமா? அரை மில்லிமீட்டர், பேனாவால் வைத்த ஒரு புள்ளி. சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2018 ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளில் காற்றுத் துப்பாக்கியில் ஒன்றும் 50 மீட்டர்ப் படுத்துச் சுடுவதில் ஒன்றுமாக இரண்டு தங்கம் வென்றது இத்தகைய துப்பாக்கிகளால்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் அந்தப் பேனாப் புள்ளியைப் பார்த்தே.

வாட்டர்லூ தெரு முகாமுக்கு வந்த தோட்டத்துப் பெண்களுக்கு இத்தகைய துப்பாக்கி கிடைக்கவில்லை. தன் தோளுக்கும் கைக்கும் அளந்து, அடிக்கட்டையின் நீளத்தைத் திருகித் திருகிப் பொருத்திக்கொண்டு, காது அடைப்பானோடு நிற்கும் இன்றைய பெண்ணைப் பார்த்தால், அவர்களில் ஒருத்தி முதலில் அந்தத் திருகைத்தான் தொட்டுப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.